புளி போட்டுத் துலக்கிய துப்பாக்கி

என் ஐயாவுக்கு,

இதை நீ படிக்கிறாயானால் எண்ணெய்த் துணியை அவிழ்த்துவிட்டாய். உள்ளே இருப்பதை யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டி, என்ன விலைக்குப் போகும் என்று கேட்கக் கிளம்பியிருக்கிறாய். கொஞ்சம் உட்கார். இந்தத் தாள்களைத் துப்பாக்கியின்மேல் சுற்றி, அதற்குமேல் துணியைச் சுற்றி வைக்கப்போகிறேன். என்னைத் தாண்டித்தான் நீ அதைத் தொட வேண்டும். இப்போது உனக்கு மூன்றரை வயது. பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு என் மதராஸ் கல்லூரி நோட்டின் அட்டையைக் கடித்துக்கொண்டிருக்கிறாய். அதில் மிஞ்சிய தாள்களில்தான் எழுதுகிறேன். போன வருஷமே எழுதியிருக்க வேண்டியது, தள்ளித் தள்ளிப் போட்டுத் தாமதமாகிவிட்டது. நேற்று உன் அப்பா உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "இது ஒனக்குத்தான்டா. சண்டை முடிஞ்சு வெள்ளைக்காரன் வரட்டும், சேத்து வைக்கிறவன் எவனாச்சும் இதுக்கு ஒரு வீட்டையே எழுதிக் குடுப்பான் பாரு" என்றார். அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த நான் விரலை நறுக்கிக்கொண்டேன். வீடு என்ன, ஒரு வெங்காயம்கூட எவனும் தரமாட்டான். அது அவருக்கும் தெரியும். என்னை உன்னிடம் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக அந்தப் பொய். ஆனால் அவர் மறைப்பது நான் செய்ததில் பாதியைத்தான். மீதிப் பாதி அவருக்கே தெரியாது.

உன் அப்பா துப்பாக்கி சுட்டு நான் பார்த்ததில்லை. கரப்பான்பூச்சி அடிக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். அவருக்குச் சுடுவதில் ஆசையில்லை, வைத்திருப்பதில்தான் ஆசை. ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், அதற்கு முந்தின சண்டையில் வெள்ளைக்காரப் பட்டாளம் பயன்படுத்திய பழைய கைத்துப்பாக்கிகளைக் கழித்து ஏலத்தில் விட்டார்கள். லைசென்ஸ் உள்ளவர்கள் எடுக்கலாம். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான உன் அப்பா மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டி ஒன்று எடுத்து வந்தார். நான் மதராஸிலிருந்து கப்பலில் மலாக்காவுக்கு வந்து இறங்கிய புதிது. "பட்டாளமே வேண்டாம்னு தூக்கிப் போட்டத மூணு மாசச் சம்பளம் குடுத்து வாங்குறவரை இப்பத்தான் பாக்குறேன்" என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "தூக்கிப் போட்டுட்டான், இனிமே செய்ய மாட்டான். செய்யாதது நாளாக நாளாகக் கொறையும். கொறையக் கொறைய இருக்கிறதுக்கு மவுசு" என்றார். பிறகு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரும்பின் மேல் நீலமும் கறுப்புமாக ஒரு மினுக்கு இருந்தது. பட்டறையில் ஏற்றியது, அதற்குத் 'தோல்' என்று பெயர் வைத்திருந்தார். அடியில் பொறித்த எண் இருந்தது. தோலும் எண்ணும் வந்தபடியே இருந்தால்தான் சேகரிப்பவன் தொடுவான், சீண்டியது தெரிந்தால் அது பழைய இரும்பு என்றார். நான் தலையாட்டிக்கொண்டே வேறு ஏதோ யோசித்தேன். கவனித்துக் கேட்டிருக்கலாம்.

அவருடைய துப்பாக்கியின் எண் நாலில் முடியும். ஐந்தில் முடிகிற அடுத்த துப்பாக்கி எங்கே இருந்தது என்று கேள். காஜா பெராங் தெருவில் நம் வீட்டு வாசலில் நின்றால் எதிர்ச்சந்தில் செட்டிகள் கம்பம், பல தலைமுறைக்கு முன் வந்து தமிழை மறந்துவிட்ட நம்மவர்கள் குடியிருப்பு, தெரியும் இல்லையா, அதில் இரண்டாவது வீடு. அந்த வீட்டுப் பெரியவர் தொண்டர் படையின் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவர். அதே ஏலத்தில் உன் அப்பாவோடு நின்று அடுத்த எண்ணை எடுத்தார். அவர் காலமானபின் அது அவர் மகள் தேவானையிடம் இருந்தது. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கெபாயா என்கிற மலாய்ச் சட்டையும் சாரோங்குமாக இருப்பாள். நாம் கும்பிடுகிற பிள்ளையாரையே கும்பிடுவாள், ஆனால் வாயைத் திறந்தால் மலாய். அப்பாவின் மடியில் உட்கார்ந்தே துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டப் படித்தவள். ஊரில் தையல் மெஷின் நின்றாலும் சுவர்க் கடிகாரம் நின்றாலும் அவளிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். உன் அப்பா மலாக்காவிலேயே பிறந்தவர், மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு அப்போது தெரிந்தது 'என்ன விலை', 'வேண்டாம்', 'சாப்பிட்டாச்சு' மட்டும்.

நீ பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து இறங்கினான். துப்பாக்கி வைத்திருப்பவன் உடனே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் தலை போகும் என்று அறிவிப்பு. "லைசென்ஸ் புஸ்தகத்தை வெள்ளைக்காரனே எரிச்சுட்டுப் போயிட்டான், யாருக்குத் தெரியப்போவுது" என்று உன் அப்பா அதை அரிசிப் பானைக்குள் இறக்கினார். பானைக்குள் வைக்கத்தான் அரிசி இல்லையே.  அன்றிலிருந்து தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே உன்னைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு பானையை ஒட்டி நிற்பேன். அப்படி நிற்பதே காட்டிக்கொடுக்கும் என்று உன் அப்பா திட்டுவார். இத்தனை பயத்திலும் மாதம் ஒருமுறை, மத்தியான நேரத்தில், துப்பாக்கியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போவார். அவளும் தன்னுடையதை எடுப்பாள். பாயில் இரண்டையும் ஜோடியாகப் படுக்கவைத்து, தையல் மெஷின் எண்ணெய் தடவித் துடைப்பார்கள். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், எவனாவது வந்தால் இருமுவதற்காக. காவலுக்கு நான், கொஞ்சலுக்கு அவர்கள்.

அவர்களுக்குள் ஒன்றும் இல்லை. அன்றைக்கும் எனக்கு அது தெரியும். தப்பாக ஏதாவது இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், மதராஸுக்குக் கடிதம் எழுதியிருப்பேன். இல்லாததற்கு யாரிடம் போய் அழுவது? ஒரு சுருள்வில்லைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். இண்டர்மீடியட் படித்து, கல்லூரி மேடையில் பேசிப் பரிசு வாங்கிய நான் வாயைத் திறந்தால், "விளக்குக்கு எண்ணெய் இருக்கா?" என்பதோடு உன் அப்பாவின் பேச்சு முடிந்துவிடும். உள்ளே அவள் சிரிப்பாள், அவர் சிரிப்பார், எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, எண்ணெய் ஜாஸ்தியாயிருச்சு" என்பார். எண்ணெய் ஜாஸ்தியானதற்கு அப்படி ஒரு சிரிப்பா? போதாததற்கு நீ பேசத் தொடங்கிய நேரத்தில் அவளை 'மாக்' என்று கூப்பிட ஆரம்பித்தாய். மலாயில் அம்மா. ஊரில் வயதான பெண்களை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று உன் அப்பா சமாதானம் சொன்னார். அவளுக்கு என்ன வயதாகிவிட்டது?

ஒருநாள் அங்கிருந்து திரும்பியவர், "அவளோடது எப்படி வச்சிருக்கா தெரியுமா? நம்மது அது பக்கத்துல அழுது வடியுது. அவ கை பட்டா இரும்புகூடக் கேக்குது" என்றார். வேட்டியை உதறி மடித்துக்கொண்டே, ஒன்றும் நடக்காதது போலச் சொன்னார். மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர் வேலைக்குப் போயிருந்தார். புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்து குத்துவிளக்கைத் துலக்கினேன். தங்கமாக மின்னியது. என் கை பட்டாலும் கேட்கும் என்று தோன்றியது. பானையிலிருந்து துப்பாக்கியை எடுத்து வந்து, அதே புளியைப் போட்டு, அதே சாம்பலைப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன். கறுப்பு கரைந்து கரைந்து ஓடியது. அழுக்கு போகிறது என்று நினைத்துக்கொண்டேன், கண்ணா. சத்தியமாக முதலில் அப்படித்தான் நினைத்தேன். அது வெள்ளி மாதிரி வெளுத்ததும், அவர் பார்த்தால் என்ன சொல்வார் என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். பிறகு திருப்பிப் பார்த்தேன். அடியில் எண். கடைசியில் நாலு. அந்த நாலைப் பார்த்ததும் பக்கத்தில் ஐந்தும் தெரிந்தது. செங்கல் துண்டு ஒன்றை எடுத்தேன். அந்த ஒரு நாலின்மேல் மட்டும் கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன். அது அழியவில்லை, கீறல்தான் விழுந்தது. துப்பாக்கியைக் கழுவி, காயப்போட்ட மரவள்ளி வற்றலுக்கு அடியில் வெயிலில் காயவைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, சுற்றி, பானைக்குள் போட்டேன். துலக்கினேன் என்று பிறகு உன் அப்பாவிடமும் தேவானையிடமும் சொல்லிவிட்டேன். செங்கல்லைப் பற்றி உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அந்த மாதம் ரோந்து அதிகமாக இருந்ததால் யாரும் பானையைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. குளிரில் தொட்டிலோடு சேர்ந்து ஆடினாய். பிறகு அனலாகக் கொதித்தாய். ஒரு நாள் விட்டு மறுபடியும் குளிர். மலேரியா என்றார்கள். கொயினா மாத்திரை ஊரில் எங்கும் இல்லை, இருந்தது ஜப்பான்காரனுக்கு மட்டும். நாலாவது தடவை குளிர் வந்தபோது உன் கண் மேலே செருகியது. தேவானைதான் வழி சொன்னாள். தெங்கேரா பக்கத்தில் ஒரு பாபா, அதாவது மலாய் பேசும் சீனர், இருந்தார், பழைய துப்பாக்கி சேர்க்கிற பணக்காரர். அடுத்தடுத்த எண்ணில் இருக்கிற இந்த ஜோடிமேல் சண்டைக்கு முன்னாலிருந்தே அவருக்கு ஒரு கண். ஒற்றை ஒற்றையாக நூறு இருந்தாலும் ஒரு ஜோடிக்கு ஈடாகாது என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். அவரிடம் மாத்திரை இருந்தது. "ரெண்டையும் கொடுத்துவிடுவோம்" என்று அவள் தன்னுடையதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

உன் அப்பா பானையைத் திறந்து துணியை விலக்கினார். வெள்ளையாக இருந்த இடமெல்லாம் செம்பழுப்புத் துரு பூத்திருந்தது. துருவைத் தொட்டு, சிவந்த விரலைப் பார்த்தார்.

"என்னா பண்ணின இத?"

"துலக்கினேன்."

"எதால?"

"புளியால."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேவானை என்ன என்று கேட்டாள். "அசாம்" என்று புளியை மலாயில் சொன்னார் அவர். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு பொத்த முடியாமல் சிரித்தாள், சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அசாமா! அடேக், மீனும் மிளகாயும் போட மறந்துட்டியே" என்றாள் மலாயில். அடேக் என்றால் தங்கச்சி. அதற்குள் எனக்கு அந்த அளவுக்கு மலாய் புரிய ஆரம்பித்திருந்தது. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. பயத்தில் வந்த சிரிப்பு என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை.

ஆண்களை வழியிலேயே பிடித்து, சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றுகிற காலம். அதனால் உன் அப்பா உன்னிடம் இருந்தார், துருவேறினாலும் எண் ஜோடிதானே என்று நாங்கள் இரண்டு பேரும் போனோம். தேவானை ஒரு தகரத்தில் துப்பாக்கிகளை வாழையிலையில் சுற்றி அடியில் வைத்து, மேலே பெலாச்சான் என்கிற இறால் விழுதை அப்பினாள். இறால் நாற்றத்துக்கே குடலைப் புரட்டுகிற சைவக்காரி நான். "நீதான் தூக்கணும், உன் மூஞ்சி சுளிக்கிறதைப் பார்த்தா எவனும் மூடியைத் திறக்கமாட்டான்" என்றாள். ரோட்டு முனையில் நின்ற ஜப்பான் காவல்காரனுக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்தோம். அவன் துப்பாக்கி முனையால் மூடியைத் தள்ளினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, போ போ என்று காலால் தரையைத் தட்டினான். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அவளோ வழியெல்லாம் உனக்கு என்ன வயதில் என்ன பல் முளைத்தது என்று பேசிக்கொண்டே வந்தாள். எல்லாம் சரியாகச் சொன்னாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பாபா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மேசைமேல் வைத்தார். அவளுடையதை எடுத்ததும் முகம் மலர்ந்தது. என்னுடையதை எடுத்ததும் சாவு வீட்டில் நிற்பவர் போல ஆனார். "தோலை உரித்துவிட்டார்களே" என்றார். திருப்பினார். கீறலின்மேல் விரலை வைத்தார். "இது புளி இல்லை. யாரோ எண்ணை அழிக்கப் பார்த்திருக்கிறார்கள். திருட்டுப் பொருளா? அப்படியானால் இதன் ஜோடியையும் நான் தொடமாட்டேன்" என்று இரண்டையும் எங்கள் பக்கம் தள்ளினார். மாத்திரைச் சீசா அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. "யார் செய்தது இது?"

பாபா இங்கிலீஷ் படித்தவர். அந்த வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அவளும் அவரும் மலாயில் பேச, நான் மூட்டை தூக்க வந்தவள் போல நின்றிருந்தேன். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். நான் இங்கிலீஷில் பேசினேன். கல்லூரி மேடையில் பேசியது போல, ஒரு தடங்கல் இல்லாமல். இது என் கணவர் ஏலத்தில் நேர்மையாக எடுத்தது, துடைத்துப் பாதுகாக்கச் சொல்லி இவளிடம் கொடுத்தோம், இவள்தான் இப்படிச் செய்துவிட்டாள் என்றேன். இவள் என்று முகவாயால் காட்டினேன்.

பாபா அவள் பக்கம் திரும்பி மலாயில் கேட்டார். "ஆயுதக் கிடங்குக்காரர் மகளா இதைச் செய்தது?" தேவானை என்னைப் பார்த்தாள். இங்கிலீஷ் தெரியாதவளுக்கு என் முகவாய் தெரியாதா? நான் மேசையைப் பார்த்தேன். அவள் சொன்னாள்: "ஆமாம், நான்தான். எண் தெளிவாகத் தெரியட்டும் என்று கொஞ்சம் அழுத்தித் தேய்த்துவிட்டேன். ரெண்டும் என் அப்பா கண்முன்னால் ஏலத்தில் எடுத்தது, திருட்டு இல்லை. அதை விடுங்கள். இதை எடுத்துக்கொள்ளுங்கள், இதில் குறை இருக்கிறதா?" தன் அப்பாவின் துப்பாக்கியை ஒரு விரலால் அவர் பக்கம் நகர்த்தினாள். ஜோடிக்குக் கிடைத்திருக்க வேண்டிய முழுச் சீசாவுக்குப் பதில் பதினான்கு மாத்திரை கிடைத்தது. உனக்கு அது போதுமாக இருந்தது. திரும்பி வரும்போது அவள் உன் பற்களைப் பற்றிப் பேசவில்லை. வீட்டு வாசலில் தகரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "பெலாச்சான் எனக்கு வேணும்" என்றாள். அவ்வளவுதான்.

பாபா அதை நாலு பேரிடம் சொன்னார். நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். 'அசாம் தேவானை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் வைத்தே ஒருத்தி, "என் வீட்டுக் கடிகாரத்துக்கு எவ்வளவு புளி போடணும்?" என்று கேட்டாள். பக்கத்தில் நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது யாரும் அவளிடம் தையல் மெஷின் கொண்டுவருவதில்லை. அவள் அடுப்பு எரிந்ததே அந்த வேலையில்தான். உன் அப்பா கேட்டதற்கு, "பாபாவுக்கு வயசாச்சு, மாத்திப் புரிஞ்சுக்கிட்டார், விடுங்க" என்றாளாம். அவர் மறுபடியும் அவளைப் புகழ்ந்தார். எனக்கு மறுபடியும் எரிந்தது. என்ன ஜென்மம் பார், செய்ததெல்லாம் நான், எரிவதும் எனக்கே.

ஆகவே உன் கையில் இருப்பதற்கு விலை கேட்டு அலையாதே. ஆனால் சேர்த்து வைப்பவர்களைப் பைத்தியம் என்று நினைத்துவிடாதே. அந்தத் தப்பை நான் செய்தேன். பட்டாளம் கழித்த இரும்புக்கு இவ்வளவு விலையா என்று நீயும் ஒருநாள் யாரையாவது கேட்பாய். இரும்புக்கு இல்லை. அதை யாரும் சீண்டாமல் இத்தனை காலம் வைத்திருந்தார்களே, அந்தக் கைக்குத்தான் விலை. அவள் கை வைத்திருந்தது பதினான்கு மாத்திரைக்குப் போயிற்று, நீ இருக்கிறாய். என் கை வைத்திருந்தது திரும்பி வந்தது. உனக்கு ஒரு பெண் வருவாள். அவளோடு இரண்டு மணி நேரம் பேசு, எண்ணெயைப் பற்றியாவது பேசு. உனக்குப் பிரியமானதை வேறு யாரோடும் பகிர்ந்துகொள், தப்பில்லை. வீட்டிலிருப்பவளைக் காவலுக்கு மட்டும் நிறுத்தாதே. நான் செய்ததற்கு இது சாக்கு இல்லை. உன் கல்யாணத்தில் தேவானையை முன்வரிசையில், எனக்குப் பக்கத்தில் உட்கார வை. எனக்கு எரியும். அதைப் பார்க்காதே.

இவ்வளவும் எழுதியபிறகு இதைச் சுற்றிப் பானைக்குள் வைக்கக் கை வரவில்லை. நீ பெரியவனாகி அவிழ்க்கிறவரை அவள் பட்டப்பெயரோடு இருப்பாள், நான் உன்னிடம் உண்மை சொல்லிவிட்டதாக நிம்மதியாக இருப்பேன். அது என்ன நியாயம்? தெங்கேராவுக்குப் போய்வருகிறேன். அதுவரை தாள் இப்படியே இருக்கட்டும்.

போய்வந்தேன். இந்தத் தடவை தகரம் இல்லை, நாற்றம் இல்லை. பாபாவிடம் முதலில் இங்கிலீஷில் சொன்னேன். பிறகு அவர் வீட்டுப் பெண்களும் கேட்கட்டும் என்று எனக்குத் தெரிந்த ஓட்டை மலாயில் சொன்னேன்: புளி நான், சாம்பல் நான், செங்கல் நான், பொய் நான்.  அவர் வாசல்வரை வந்து, தன் வீட்டில் ஒரு கடிகாரம் ஆறு மாதமாக நிற்கிறது, தேவானையை வரச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

வந்த கையோடு எதிர்வீட்டுக்குப் போனேன். நீ அங்கேதான் இருந்தாய். அவளிடம் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னேன், மற்றதையும் சொன்னேன். அவள் கேட்டாள். சிரிக்கவில்லை, அழவில்லை, "தாக் அப்பா, அடேக்" என்று மலாயில் 'பரவாயில்லை' சொல்லவும் இல்லை. "இத்தனை நாள் ஆச்சா உனக்கு?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் அக்கா என்றேன். அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் பேசி முடிக்கிறவரை நீ அவள் மடியில், அவள் கெபாயா ஊசியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "வா, வீட்டுக்குப் போகலாம்" என்று கையை நீட்டினேன். நீ வரமாட்டேன் என்று தலையாட்டி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். நான் கையை மடக்கிக்கொண்டு, நீயாக இறங்குகிறவரை அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

உன் அம்மா